தலைகீழாக மாட்டிய கண்ணாடி

மில் முதலாளி சிங்காரவேலரின் பங்களாக் கூடத்தில், இரண்டு ஆள் உயரத்துக்குப் புதுமாதிரிக் கண்ணாடி ஒன்று தொங்கியது. எஃகுக் கம்பிகள் நாலாபுறமும் நீட்டிக்கொண்டிருக்கும். நடுவே கோணல்மாணலாகக் கண்ணாடித் துண்டுகள். அதை மாட்டும்போதுதான் வெல்டர் சூசை ஏணியிலிருந்து விழுந்து செத்தான்.

விசாரிக்க இன்ஸ்பெக்டர் வந்தார்.

"நான் அன்னிக்கு ஊரிலேயே இல்லை. இடுப்புக் கயிறு கட்டாம அவனாவே ஏறியிருக்கான்" என்றார் முதலாளி.

கூடம் பெருக்கும் அன்னக்கிளி, "இருந்தீங்க ஐயா, நான் பார்த்தேனுங்க" என்றாள்.

"உன் பேச்சை யாரு நம்புவா? வேற சாட்சியைக் கொண்டா. இல்லேன்னா இப்பவே வேலையை விட்டுப் போ!"

வேறு யாரும் பார்க்கவில்லை. அன்னக்கிளி கண்ணாடியை நிமிர்ந்து பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

"போறேனுங்க. ஆனா சூசை இதைத் தலைகீழா மாட்டிட்டுப் போயிட்டானுங்களே. வர்ற விருந்தாளிங்க சிரிப்பாங்க."

சிங்காரவேலருக்குச் சுருக்கென்றது. "உனக்கென்னடி தெரியும்? முதல்லதான் தலைகீழா மாட்டினான். திருப்புறதுக்குக் கயிறு எட்டலைன்னான். கயிறை அவுத்துட்டுத் திருப்புடான்னு நான் இங்கேயே நின்னு கத்தின பிறகுதான்..."

வாய் அப்படியே நின்றது. இன்ஸ்பெக்டர் எழுதி முடித்துவிட்டு, "ஜீப்புல ஏறுங்க" என்றார்.

மாலையில் அன்னக்கிளி சூசையின் மனைவி ரெஜினாவிடம் போய் நடந்ததைச் சொன்னாள். ரெஜினா கேட்டது ஒன்றுதான்.

"விழறப்போ அவர் ஏதாச்சும் சொன்னாராக்கா?"

அன்னக்கிளி அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.