சோழிகளை மூடிய துண்டு

கடல் துறையில் மணலில் சோழி வைத்துக் கிரகணம் கணிப்பவன் கொற்றன். நாற்பது வயது, அவனுக்குக் கற்பித்த உமையாளோ அவனைவிடப் பத்து வயது இளையவள். போன கிரகணம் அவன் சொன்னதற்கு அரை நாழிகை முன்னதாகவே பிடித்துவிட்டது. மீனவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். நாளைக் காலை பிடிக்கப்போகும் சூரிய கிரகணமும் தவறினால் துறையில் தலைகாட்ட முடியாது.

அந்த நேரம் பார்த்து, அரபுக் கப்பலின் மாலுமி யூசுப் ஓர் ஏட்டோடு வந்து நின்றார். பலமுறை வந்துபோனதில் தமிழ் நன்றாகவே பழகியிருந்தது.

"உங்கள் கணக்கைப் பார்க்கலாமா? என்னுடையதையும் காட்டுகிறேன்."

கொற்றன் சட்டென்று தோள்துண்டை எடுத்துச் சோழிகளை மூடிவிட்டு, அருகில் நின்ற உமையாளைப் பார்த்தான்.

"அம்மா, இது நம் சொத்து. வெளியாருக்கு எதற்கு?"

"சரிதான்," என்றாள் உமையாள். "அப்படியானால் வெளியார் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்."

"எதை?"

"சோழியை. மாலத்தீவிலிருந்து வந்தது."

கொற்றன் முகம் சுருங்க, சோழிகளை அள்ளி ஓரமாக வைத்தான்.

"நேரம் பார்க்கும் நாழிகை வட்டிலையும். அதன் வெண்கலத்தில் கலந்த வெள்ளீயம் கடாரத்தது. பன்னிரண்டு ராசிகளையும் மறந்துவிடுங்கள். யவனர் வழியாக வந்தவை."

"மணல்தானே மிச்சம்!"

"அதுவும் கடல் கொண்டுவந்தது," என்றார் யூசுப்.

முதலில் சிரித்தது கொற்றன்தான். சிரித்துக்கொண்டே சோழிகளைத் திரும்பப் பரப்பினான்.

யூசுப்பின் ஏட்டில் அவர் ஊரில் எழுபது ஆண்டுகளாகப் பிடித்த கிரகணங்கள் இருந்தன. ஒத்துப் பார்த்ததில், சந்திரனுக்குக் கொற்றன் ஒரு சோழி குறைத்து வைத்தது பிடிபட்டது. யூசுப்பின் கணக்கிலும் ஒரு பிழை கொற்றனிடம் அகப்பட்டது. அதில் அவனுக்குக் கொள்ளை சந்தோஷம்.

மறுநாள், சொன்னபடியே, விடிந்ததிலிருந்து நீரில் மிதக்கவிட்ட நாழிகை வட்டில் பத்தாம் முறை நிரம்பி மூழ்கவும் சூரியனின் விளிம்பு கருக்கவும் சரியாக இருந்தது. தாம்பாளத்து மஞ்சள் நீரில் அதைப் பார்த்த மீனவர்கள் துள்ளிக் குதித்தார்கள். யூசுப்பும் கொற்றனும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

மகிழ்ச்சியில் மூச்சு வாங்கியபடி கொற்றன் தாம்பாளத்தின் மேல் குனிந்தான். ஆனாலும் ஒன்று அவனுக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது.

"அம்மா, இந்தக் கணக்கு இனி யார் பேரில் நிற்கும்? என் பேரிலா, அவர் பேரிலா?"

"கொற்றரே, தலையைக் கொஞ்சம் விலக்குங்கள்," என்றாள் உமையாள். "பின்னால் நிற்பவர்களுக்குச் சூரியன் தெரியவில்லை."