பல்கலைக்கழகத்துக்குப் பொண்ணு கொடுக்கப் போன அத்தை

ஒரு ஊர்ல ஒரு குட்டிப் பல்கலைக்கழகம் இருந்துச்சு. எவ்வளவு குட்டின்னா, இந்தக் கேட்டுல தும்மினா அந்தக் கேட்டுல வாட்ச்மேன் திரும்பிப் பார்ப்பார். ராஜா கிடையாது, ராணி கிடையாது. துணைவேந்தர்னு ஒருத்தர் இருந்தார், அவரும் இந்தக் கதையில வரமாட்டார். ம் சொல்லு.

"ம்."

அங்க படிக்கணும்னு ஒரு பொண்ணு ஆசைப்பட்டா. பேரு பவளக்கொடி. இடமும் கிடைச்சாச்சு. ஆனா அவளை அங்க விடலாமா வேணாமான்னு முடிவு பண்ண வேண்டியது அவளோட அத்தை கனியம்மா. அம்மா இல்லாத பொண்ணு, அத்தைதான் வளர்த்தாங்க. அத்தைக்கு எதிர்ல நின்னு எனக்கு இது வேணும்னு அவ ஒருநாளும் கேட்டதில்ல. அவ அப்பாவே கேட்டதில்ல, அத்தைக்குத் தம்பி அவர்.

அப்போ அத்தை சொன்னாங்க, "பொண்ணை ஒரு எடத்துக்கு அனுப்புறோம்னா, போய்ப் பார்க்காம அனுப்ப முடியுமா?"

அவங்க வழக்கத்துல மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனா, சம்மதம்னு மனசுல படுற வரைக்கும் அங்க கை நனைக்க மாட்டாங்க. ஒரு வாய் தண்ணிகூடக் கிடையாது. சாப்பிட்டா சம்மதம். சாப்பிடாம கிளம்பினா வேணாம்னு அர்த்தம். பல்கலைக்கழகத்துக்கும் அதேதான்னுட்டாங்க அத்தை.

"பல்கலைக்கழகத்தையா கட்டிக்கப் போறா?"

அவ அப்பாவும் அதைத்தான் கேட்டார். அத்தை பார்த்த பார்வையில வாயை மூடிக்கிட்டார். நீயும் மூடிக்கோ. கண்ணையும்.

அப்புறம் மூணு பேரும் பஸ்ஸை விட்டு இறங்கினாங்க. சுள்ளுன்னு வெயில். புதுசா வர்றவங்களுக்குச் சுத்திக் காட்ட மெர்சின்னு ஒரு பொண்ணு நின்னுச்சு, அங்கயே ரெண்டாம் வருஷம் படிக்கிற பொண்ணு. பார்த்ததுமே, "களைச்சு வந்திருக்கீங்க, மோர் குடிங்கம்மா"ன்னு டம்ளரை நீட்டினா.

"வேணாம்மா. முதல்ல கட்டடத்தைக் காட்டு."

மொதல்ல மணிக்கூண்டு. சிவப்புச் செங்கல்ல, நெடுநெடுன்னு நிக்குது. நாலு பக்கமும் நாலு கடிகாரம். டங், டங்னு அடிக்குது. ஆனா ஒண்ணு காட்டுற நேரத்தை இன்னொண்ணு காட்டல.

"இதுல எதும்மா சரியான நேரம்?"ன்னாங்க அத்தை.

"கிளாஸுக்கு லேட்டா வந்தா, எது நமக்குத் தோதா இருக்கோ அதும்மா."

அப்பா சிரிச்சார். அத்தை சிரிக்கல. "இவங்க வேளாவேளைக்குச் சோறு போட்ட மாதிரிதான்"னு முணுமுணுத்தாங்க. பவளத்துக்குத் திக்குன்னுச்சு. ம்?

"ம்."

அப்புறம் ஹாஸ்டல். நீளமான ஓட்டுக் கட்டடம், ரயில் பெட்டி மாதிரி வரிசையா ரூம். அத்தை குழாயைத் திறந்தாங்க, சளசளன்னு தண்ணி. தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தாங்க, டக். சமையல்கட்டுக்குப் போனா புஸ்ஸ்ஸுன்னு ஒரே ஆவி. அண்டா மூடியைத் தூக்கிச் சாம்பாரை மோந்து பார்த்தாங்க. முகத்துல ஒண்ணும் தெரியல.

அப்போ சமையல்காரர், "அண்ணே, காபி"ன்னு அப்பா கையில டம்ளரைக் கொடுத்துட்டார். அப்பாவும் பாவம், காலையில இருந்து ஒண்ணும் குடிக்கல. டம்ளர் உதட்டுகிட்டயே போயிடுச்சு.

"தம்பி!"

டம்ளர் அப்படியே நின்னுச்சு.

"சூடா இருக்கு"ன்னு சொல்லிக் கீழ வெச்சார் அப்பா.

"ஆத்தித் தரவா அண்ணே?"

"வேணாம். ஆறினாலும் எனக்குச் சூடாத்தான் இருக்கும்."

நீ சிரிக்கிற. பவளம் சிரிக்கல. இன்னும் ஒரு கட்டடம்தான் பாக்கி. அதுவும் பிடிக்கலைன்னா அடுத்த பஸ்ல ஏத்திடுவாங்க.

அது நூலகம். குண்டானைக் கவுத்து வெச்ச மாதிரி வட்டமா இருக்கும். உள்ள வழுவழுன்னு வெள்ளைச் சுவரு, மூலையே கிடையாது. அத்தை வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு இருந்தாங்க. அதுக்குள்ள மெர்சி பவளத்தை உள்ள கூட்டிட்டுப் போய் எதிர்ப்பக்கச் சுவரோரமா நிறுத்தினா. "இங்க ஒரு வேடிக்கை இருக்கு. சுவர்கிட்ட குசுகுசுன்னு பேசினா, அது சுவரோரமாவே ஓடி இந்தப் பக்கம் நிக்கிறவங்க காதுல விழும். கேட்டுப் பாரு"ன்னுட்டு, ஏதோ புத்தகம் எடுக்கப் போயிட்டா.

பவளம் சுவர்ல காதை வெச்சா. அத்தையும் அப்பாவும் உள்ள வந்து வாசலோரச் சுவர்கிட்ட நின்னாங்க போல. அத்தை குரல்.

"தம்பி, எடம் நல்லாத்தான்டா இருக்கு. ஆனா வேணாம். கூட்டிட்டுப் போயிடுவோம்."

"ஏன்க்கா?"

"கேக்காத. போயிடுவோம்."

நேர்ல நின்னிருந்தா, "சரி அத்தை"ன்னு பையைத் தூக்கியிருப்பா. ஆனா இப்போ எதிர்ல இருந்தது சுவரு. அது முறைக்கல. வாயைக் கிட்ட கொண்டுபோய் மெதுவாச் சொன்னா.

"அத்தை, எனக்கு இங்கதான் படிக்கணும்."

அந்தப் பக்கம் அத்தைக்குத் தூக்கிவாரிப் போட்டுது. "யாருடா அது?"

"நான்தான் அத்தை. எதிர்ப்பக்கம் நிக்கிறேன்."

அத்தை திரும்பிப் பார்த்தாங்க. அவ்வளவு தூரத்துல பவளம் சின்னதாத் தெரிஞ்சா. பக்கத்துல வரச் சொல்லியிருக்கலாம். சொல்லல. திரும்பவும் சுவரைப் பார்த்து நின்னுக்கிட்டாங்க.

"நீ இங்க வந்துட்டா வீட்டுல நான் யாரைடி திட்டுறது?"

"போன் பண்ணித் திட்டுங்க."

"போன்ல திட்டினா உறைக்காது."

"உறைக்கும் அத்தை. நான் அழுறேன், கேட்டுக்கோங்க."

அப்புறம் ஸ்ர்க்குன்னு ஒரு மூக்குச் சத்தம் மட்டும் சுவரோரமா வந்துச்சு.

"அத்தையா... அழுதாங்க?"

அப்பாவாக்கூட இருக்கலாம். படு.

வெளிய வந்ததும் அத்தை செருப்பை மாட்டிக்கிட்டே கேட்டாங்க, "இங்க சாப்பிட என்னம்மா கிடைக்கும்?"

மெர்சி முழிச்சா. "கேன்டீன்ல தோசை இருக்கும்மா."

அப்பா முன்னாடி ஓடினார்.

கேன்டீன்ல மூணு தட்டு வந்துச்சு. பரிமாறுறவர் சாம்பார் வாளியோட வந்தார். அத்தை அவரைக் கையைக் காட்டி நிறுத்திட்டுப் பவளத்தைப் பார்த்தாங்க.

"நீ ஏன்டி உக்காந்திருக்க? உன் எடத்துக்கு வந்திருக்கேன். நீதான் எனக்குப் போடணும்."

பவளம் எழுந்து வாளியை வாங்கினா. ஒரு கரண்டி ஊத்தினா. அத்தை போதும்னு சொல்லல. இன்னொரு கரண்டி. சாம்பார் தோசையை முக்கிட்டு, தட்டு விளிம்பு வரைக்கும் வந்துடுச்சு. அத்தை போதும்னு சொல்லல. அவளும் நிறுத்தல.

ம்?

...

சரி. அவங்க அங்க சாப்பிடட்டும், கதை ஆச்சு. நீ தூங்கு.