யாருக்கும் சேராத முடிச்சு

காட்டாற்றின் கரையில் ஒரு தெப்பம் இருந்தது. பதினைந்து மூங்கில்களைக் காட்டுக்கொடியால் சேர்த்துக் கட்டிய பெரிய தெப்பம். அதன் முதலாளி ஒரு கரடி.

தெப்பத்தில் குரங்கு கோல் ஊன்றும். நீர்நாய் முன்னால் நீந்தி இழுக்கும். ஆமை அடியில் நீந்தி, பாறை வந்தால் தட்டிச் சொல்லும். அணில் ஏறுகிறவர்களை இடம் பார்த்து உட்கார வைக்கும். இந்த நால்வருக்கும் கீரிதான் மேஸ்திரி.

கரடிக்கு வயதாகிவிட்டது. ஒரு நாள் ஐவரையும் கூப்பிட்டது.

"நான் மலைக்குப் போறேன். தெப்பம் இனிமே உங்க அஞ்சு பேருக்கும் சொந்தம். மழைக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கு. அதுக்குள்ள அதைத் திடமா வெச்சுக்கோங்க" என்றது.

காரணம் எல்லோருக்கும் தெரியும். மழை வந்தால் இந்தக் கரை மூழ்கிவிடும். எதிர்ப்புறத்து மேட்டுக்குப் போக அந்தத் தெப்பத்தை விட்டால் வேறு வழி இல்லை.

அன்று ஐந்தும் குதித்துக் கூத்தாடின. மறுநாள் விடிந்தது. துறையில் கீரி மட்டும் நின்றது. குரங்கு மரக்கிளையில் படுத்துக் கிடந்தது.

"என்னப்பா, வேலைக்கு வரலையா?"

"என்ன மேஸ்திரி, முதலாளி யாராவது விடியும்போதே வேலைக்கு வருவாங்களா? கரடி ஐயா என்னிக்காவது வந்திருக்காரா?"

நீர்நாயும் தலையை நீட்டியது. "அதானே! அஞ்சு பேரும் முதலாளின்னா வேலைக்காரன் யாரு?"

கீரி திரும்பிப் போனது. அன்று முழுவதும் யோசித்தது. 'பொதுவில் கிடப்பதால்தான் ஒருவருக்கும் அக்கறை இல்லை. பிரித்துக் கொடுத்துவிட்டால்?'

ஆளுக்கு மூன்று மூங்கில் என்று பங்கு பிரித்தது. செம்மண்ணைக் குழைத்து ஒவ்வொரு பங்குக்கும் எல்லைக்கோடு போட்டது. ஓரத்து மூன்று குரங்குக்கு. அடுத்த மூன்று அணிலுக்கு. பிறகு நீர்நாய், ஆமை, கடைசியில் தனக்கு.

மருந்து உடனே வேலை செய்தது. குரங்கு தன் மூங்கில்களை இலையால் தேய்த்துப் பளபளவென்று ஆக்கியது. அணில் தன் பங்கில் பூ வைத்தது.

"பன்றி மாமா, சேத்துக் காலோட என் மூங்கில்ல ஏறாதீங்க. அணிலோடது பக்கத்துலயே இருக்கு, அதுல ஏறுங்க" என்று தெப்பம் ஏற வந்த பன்றியிடம் சொன்னது குரங்கு.

"ஏன், என்னோடது என்ன சாக்கடையா?" என்று அணில் சீறியது.

கீரிக்குப் பெருமை தாங்கவில்லை. 'முதலாளிகள் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்!'

ஒரு நாள் ஆமை தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கியது.

"மேஸ்திரி, அடியில ஒரு முடிச்சு இத்துப்போச்சு."

"யார் பங்குல?"

"யார் பங்குலயும் இல்லை. குரங்கோட மூங்கிலுக்கும் அணிலோட மூங்கிலுக்கும் நடுவுல."

"என் மூங்கில் கண்ணாடி மாதிரி இருக்கு. அணிலைக் கேளுங்க" என்றது குரங்கு.

"நடுவுல இருக்கிறதுக்கு நான் என்ன பண்ணுவேன்?" என்றது அணில்.

அந்த நேரம் பார்த்து நீர்நாய் வந்து, தன் எல்லைக்கோடு ஒரு விரல் தள்ளிப் போடப்பட்டிருக்கிறது என்று சண்டைக்கு நின்றது. கீரிக்கு எரிச்சல் வந்தது.

"சரி சரி, நான் பாத்துக்கறேன். ஆமையக்கா, நீங்க உங்க மூணை மட்டும் பாருங்க, போதும்."

ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. கீரி கோட்டுச் சண்டையைத் தீர்த்தது. முடிச்சை மறந்துபோனது.

எட்டு நாள் கழித்து, ஒரு மானும் அதன் குட்டியும் தெப்பத்தில் ஏறின. கீரியும் கூடப் போனது. நடு ஆற்றில் 'படார்' என்று சத்தம். இற்ற கொடி அறுந்தது. குரங்கின் மூன்று மூங்கில்களும் தனியாகக் கழன்றன. அவற்றின் மேல் குரங்கும் மான்குட்டியும் இருந்தன.

"என்னோட மூணும் நல்லாத்தான் இருக்கு" என்றது குரங்கு. அடுத்த நொடி, அந்த மூன்றும் ஆற்றின் கீழே இருந்த அருவிப் பக்கம் போவதைப் பார்த்தது. கோலை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

தாய்மான் அலறியது. கீரி ஏதோ உத்தரவு போட்டது. ஆற்றின் இரைச்சலில் யார் காதிலும் அது விழவில்லை.

யாரும் உத்தரவுக்குக் காத்திருக்கவும் இல்லை. நீர்நாய் அறுந்த கொடியைக் கவ்விக்கொண்டு பாய்ந்தது. "கோலைக் குறுக்கே போடு!" என்று ஆமை அடியிலிருந்து கத்தியது. குரங்கு கோலின் ஒரு முனையைப் பெரிய தெப்பத்தின் மேல் போட்டு, மறு முனையைப் பிடித்துத் தொங்கியது. அணில் அதன்மேல் ஓடி வந்து, கொடியை நான்கு சுற்றுச் சுற்றிக் கட்டியது. ஆமை முதுகைக் கொடுத்து இரண்டையும் நெருக்கித் தள்ளியது. ஒருவழியாகக் கரை சேர்ந்தார்கள்.

"இன்னொரு தடவை போலாமா?" என்று கேட்டது மான்குட்டி. தாய் அதன் காதைக் கடித்தது.

குரங்கு மூச்சு வாங்கியபடி, "முடிச்சு இத்துப்போனதை ஒருத்தரும் சரி பண்ணலையா?" என்றது.

"நான் சொன்னேன். மேஸ்திரி கேட்டுக்கிட்டாரு. அவ்வளவுதான்" என்றது ஆமை.

கீரி ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால், தாய்மான் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது.

"தப்பு என்னோடது. மூங்கிலைப் பங்கு போட்டேன், முடிச்சை விட்டுட்டேன். சொல்ல வந்தவங்க வாயையும் அடைச்சேன்."

வாலால் செம்மண் கோடுகளை ஒவ்வொன்றாக அழித்தது. பிறகு, அதுவரை கேட்காத ஒன்றைக் கேட்டது.

"இப்ப என்ன பண்ணலாம்? நீங்க சொல்லுங்க."

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். எல்லா முடிச்சையும் இரட்டையாகப் போட வேண்டும் என்றது அணில். துறையைச் சுழல் இல்லாத பக்கம் மாற்ற வேண்டும் என்றது நீர்நாய்.

"இது எப்பத்திலேருந்து உனக்குத் தோணுது?" என்று கேட்டது கீரி.

"ரெண்டு வருஷமா."

"சொல்லவே இல்லையே!"

"யாரு கேட்டீங்க?"

அன்றிலிருந்து முதல் நடைக்கு முன் ஐவரும் எல்லா முடிச்சுகளையும் சுற்றி வந்து தொட்டுப் பார்த்தார்கள். ஐவரில் ஒருவர் 'முடிச்சு போதாது' என்றாலும் தெப்பம் கிளம்பாது. மேஸ்திரியே சொன்னாலும் கிளம்பாது. மூன்றாம் நாளே அணில் ஒரு நடையை நிறுத்தியது. காத்திருந்த பன்றி உறுமியது. கீரிக்கு நாக்கு துறுதுறுத்தது, கடித்துக்கொண்டது. பார்த்தால், முடிச்சு உண்மையிலேயே தளர்ந்திருந்தது.

மழை வந்தது. இரண்டு நாள், நாற்பது நடை. காடே மேட்டுக்கரை ஏறியது. கடைசி நடையில் வந்த பன்றி, நனைந்த மூஞ்சியைத் துடைத்துக்கொண்டு கேட்டது: "எங்கப்பா உங்க முதலாளி? ஒரு வார்த்தை நல்லதாச் சொல்லிட்டுப் போறேன்."

கொப்புளக் கைகளோடு முடிச்சுகளை இறுக்கிக்கொண்டிருந்த ஐவரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து பார்த்தார்கள்.

பங்கைப் பிரித்துக் கொடுப்பதால் மட்டும் யாரும் சொந்தக்காரர் ஆவதில்லை; தன் சொல்லுக்கும் அங்கே மதிப்பு உண்டு என்று அறிந்தவரே முழுப் பொருளையும் தன்னுடையதாகக் காப்பார்.