முள்ளம்பன்றியின் கிழங்குக் கொட்டகை

வெயிலில் காய்ந்து கிடந்த ஒரு காட்டில், தாய் முள்ளம்பன்றி ஒன்று தன் குட்டிகளோடு வளையில் வாழ்ந்து வந்தது. போன மழைக்காலத்தில் வளைக்குள் ஈரம் ஏறி, சேர்த்து வைத்த கிழங்கெல்லாம் அழுகிவிட்டது. குட்டிகள் பசியால் அழுததை அது மறக்கவே இல்லை.

"இந்த மழைக்கு முன்னால் வளைக்குப் பக்கத்தில் தனியாக ஒரு கொட்டகை போட்டே தீருவேன்" என்றது.

அந்தக் காட்டில் வளையை ஒட்டிப் புதிதாக எதைக் கட்டினாலும் காட்டுக்கே மூத்ததான ஆமையிடம் அனுமதி வாங்க வேண்டும். இடத்தை நேரில் பார்க்காமல் ஆமை சம்மதிக்காது. அது வருவதோ ஆமை நடையில்!

பக்கத்து வளைப் பெருச்சாளி விழுந்து விழுந்து சிரித்தது. "உன் வளை, உன் இடம். ஆமையை ஏன் அக்கா கேட்கிறாய்? அது வந்து சேருவதற்குள் மழையே முடிந்துவிடும்!"

"அதை வரவைப்பது என் பாடு தம்பி" என்றது முள்ளம்பன்றி.

முள்ளம்பன்றி போய் அழைத்ததும் குளக்கரையிலிருந்து ஆமை கிளம்பியது. முள்ளம்பன்றி முன்னால் நடந்து, வழியில் கிடந்த கல்லையும் முள்ளையும் ஒதுக்கிக்கொண்டே வந்தது. கால் கடுத்தது, எரிச்சலும் வந்தது. ஆனாலும் விடவில்லை.

ஒருவழியாக வந்து சேர்ந்த ஆமை மண்ணைக் கிளறிப் பார்த்தது. உள்ளே வழவழப்பான கூழாங்கற்கள் கிடந்தன.

"இங்கே வேண்டாம். பெருமழையில் தண்ணீர் ஓடும் வழி இது. அந்தப் பாறைப் பக்கம் கட்டிக்கொள், அனுமதி தருகிறேன்."

முள்ளம்பன்றிக்கு அழுகையே வந்துவிட்டது. புல்லைப் பிடுங்கிச் சுத்தம் செய்து வைத்த இடமாயிற்றே! பாறைப் பக்கமோ கெட்டி மண். கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்போதே அங்கே தோண்டத் தொடங்கியது.

பெருச்சாளிக்குக் கொண்டாட்டம். "அக்கா, அந்த இடம் சும்மாதானே கிடக்கிறது? என் தானியக் கிடங்கை அங்கே கட்டிக்கொள்கிறேன்."

"வேண்டாம் தம்பி! அது தண்ணீர் ஓடும் வழியாம்."

"ஆமை பேச்சையெல்லாம் யார் கேட்பது? மண் எப்படிக் காய்ந்து கிடக்கிறது பார்!"

முள்ளம்பன்றி கடைசிக் கிழங்கை அடுக்கி முடித்தபோது மழை பிடித்துக்கொண்டது. வெள்ளம் பழைய வழியிலேயே பாய்ந்து வந்து, பெருச்சாளியின் கிடங்கைத் தானியத்தோடு வாரிக்கொண்டு போனது. பாறைப் பக்கக் கொட்டகைக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் போகவில்லை. குட்டிகள் வயிறாரச் சாப்பிட்டன.

மழை விட்டதும் குளக்கரைப் பாதையில் ஆமை மெல்ல நடந்து வந்தது. அதற்கு முன்னால் கல்லை ஒதுக்கிக்கொண்டே வந்தது யார் தெரியுமா, குழந்தைகளே? நம் பெருச்சாளிதான்!

நீதி: முறைப்படி கேட்டுக் கட்டுவதற்குப் பொறுமை வேண்டும், கேட்காமல் கட்டினால் கட்டியதே மிஞ்சாது.