தோளுக்குப் பின்னால் ஒரு கை

குரு, சிஷ்யை என்றதும் ஆசிரமத்துக்குக் கிளம்பிவிடாதீர்கள். இது திருச்சிப் பக்கம் ஒரு வாடகை வீடு. மனநல ஆஸ்பத்திரியில் வருஷக்கணக்காகக் கிடந்த நான்கு பெண்கள், துணைக்கு ஓர் ஆளோடு அங்கே வாழ்கிறார்கள். அந்தத் துணை, கமலவேணி. வயது ஐம்பத்தொன்று. அவர்தான் சிஷ்யை. சமைக்க, துவைக்க, கடைக்குப் போய்வர மறந்துபோனவர்களுக்கு அதையெல்லாம் மறுபடி பழக்குகிற சிகிச்சையாளர் ரஹ்மத். முப்பத்து நாலு வயது. வாரம் இரண்டு நாள் வருவார். அவர்தான் குரு.

நால்வரில் ஒருவர் தெய்வானை. பத்தொன்பது வருஷம் ஆஸ்பத்திரியிலேயே போனவர். மகன் கதிரேசன் சொல்லியிருந்தான்:

"நானும் என் சம்சாரமும் வேலைக்குப் போறவங்க. அம்மா தனியா அடுப்பைப் பார்த்துக்கிட்டா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

ரஹ்மத் பால் காய்ச்சுவதில் ஆரம்பித்தார். கமலவேணியிடம் சொன்னார்:

"அக்கா, வாயால சொல்லுங்க. கையைப் பின்னால கட்டிக்குங்க."

"பொங்கிட்டா டீச்சர்?"

"பொங்கட்டும். துடைச்சுக்கலாம்."

கமலவேணி தலையாட்டினார். ரஹ்மத் வராத நாளில் என்ன நடந்தது? பால் மேலே எழும்பும். தெய்வானை மரமாக நிற்பார். கமலவேணிக்குப் பொறுக்காது. சிலிண்டர் ஆயிற்றே! தெய்வானையின் தோளுக்குப் பின்னாலிருந்து கை நீட்டி அடுப்பை அணைத்துவிடுவார். கரிசனம்தான், யார் இல்லையென்றது? அதோடு நிற்காமல் பயிற்சி நோட்டில் 'தானே செய்தார்' என்றும் எழுதினார். பாவம், மகனிடம் போய்ச் சேரட்டுமே என்று நினைத்தார்.

மூன்று மாதம் இப்படி. வந்த நாட்களில் ரஹ்மத் மற்ற மூவரோடு இருந்தார். நோட்டைப் புரட்டிப் பார்த்து, தெய்வானை வீட்டுக்குப் போகலாம் என்று ரஹ்மத் கையெழுத்துப் போட்டார். கதிரேசன் ஆட்டோவோடு வந்தான்.

"போயிட்டு வரேன்னு சொல்ல மாட்டேன்டி கமலா," என்று தெய்வானை சிரித்தார். "இனிமே வரவே மாட்டேன்."

பன்னிரண்டாம் நாள் அவனே கொண்டுவந்து விட்டான்.

"பால் பொங்கி அடுப்பு அணைஞ்சிருக்கு. வீடு பூரா காஸ். அம்மா பாட்டுக்கு அங்கேயே நிக்குது. தொட்டில்ல என் பிள்ளை. பக்கத்து வீட்டுக்காரம்மா மட்டும் வரலேன்னா..." அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "இனிமே எனக்குப் போன் பண்ணாதீங்க."

அம்மாவைத் திரும்பிப் பார்க்காமலே போய்விட்டான். அவனையும் குறை சொல்ல முடியாது.

ரஹ்மத் யாரையும் விசாரிக்கவில்லை. தெய்வானையைச் சமையலறைக்கு அழைத்துப்போய்ப் பாலை அடுப்பில் ஏற்றச் சொன்னார். கமலவேணியைப் பின்னால் நிற்கச் சொன்னார்.

பால் எழும்பியது. கமலவேணியின் கை தன்னால் முன்னே போயிற்று. ரஹ்மத் அந்த மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

பால் பொங்கி வழிந்தது.

தெய்வானை அடுப்பைப் பார்க்கவில்லை. தோளுக்குப் பின்னால் திரும்பினார்.

"கமலா, அணைக்கலையாடி?"

ரஹ்மத் காஸை மூடி ஜன்னலைத் திறந்தார். கமலவேணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"அய்யோ டீச்சர்! அங்கேயும் என் கைக்காகத்தானே நின்னிருக்காங்க. குடியைக் கெடுத்துட்டேனே."

"நீங்க நோட்டுல எழுதினீங்க. நேர்ல பார்க்காம நான் கையெழுத்துப் போட்டேன்."

"மறுபடி கத்துக்குவாங்களா?"

"ஆறு மாசம் ஆகும். வருஷம்கூட ஆகலாம்."

"கத்துக்கிட்டா மகன் வருவாரா?"

"வர மாட்டார்."

தெய்வானை இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கமலவேணி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அப்புறம் யாருக்காக டீச்சர் இவங்க பால் காய்ச்சணும்?"

"அவங்களுக்குக் காபி பிடிக்கும்," என்றார் ரஹ்மத்.