காரக்குழம்புக்குக் கை தூக்கிய கதை

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால் ஏழுகரை நாட்டைக் கொண்டல்ராயன் என்று ஒரு ராஜா ஆண்டு வந்தான். ஆண்டான் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். ஆள் எப்போதும் கிடந்தது அடுக்களையில். சமையல் பைத்தியம்! மூன்று வருஷமாகத் தினமும் ஒரு அண்டா கத்திரிக்காய்க் காரக்குழம்பு வைத்து, சபையில் இருக்கிற அத்தனை பேருக்கும் தன் கையாலேயே பரிமாறுவான். உப்பைக் கைப்பிடி கைப்பிடியாக அள்ளிப் போடுவான். ராஜாவின் கை, சின்னக் கையா என்ன?

இதில் வேடிக்கை என்னவென்றால், அதை அவன் ஒருநாளும் வாயில் வைத்ததில்லை. சமைத்தவனே தின்பது கௌரவக் குறைச்சலாம்! ராணி அனுப்பும் தயிர்சாதத்தைத் தின்றுவிட்டுப் படுத்துவிடுவான்.

அரண்மனை மணியக்காரர் விருத்தகிரிதான் முதல் வாய் சாப்பிடுவார். "பிரபோ, தேவாமிர்தம்!" என்று கத்துவார். உடனே எல்லோரும் அப்படியே கத்த வேண்டும், அது சட்டம். கத்திவிட்டுக் கிணற்றடிக்கு ஓடுவார்கள்.

ஒருநாள் தலைமைச் சமையல்காரி குருவம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"மகாராஜா, உப்புக் கரிக்குது" என்று சொல்லிவிட்டாள்.

அவ்வளவுதான், சபையில் எல்லோரும் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். விருத்தகிரிக்கோ உள்ளுக்குள் கொண்டாட்டம். அவள் வேலையை மச்சானுக்கு வாங்கித் தர ரெண்டு வருஷமாக அலைகிற மனுஷன்!

"பிரபோ! குடிகளுக்கு ரெண்டே வேலை. போட்டதைச் சாப்பிடணும், சாப்பிட்டதைப் புகழணும். மூணாவதா இவள் ஒரு வேலை கண்டுபிடிச்சிருக்கா. இது ராஜத்துரோகம். நாடு கடத்துங்க!"

"கடத்து!" என்றான் ராஜா.

குருவம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் பிறந்தது, வாக்கப்பட்டது, புருஷனைப் புதைத்தது எல்லாம் அந்த ஊரில்தான். வேறு போக்கிடம் கிடையாது. ஆனாலும் மூளை மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

"சரி மகாராஜா, போறேன். ஆத்துக்கு அக்கரையில வேம்பூர் இருக்கே, அங்கே குடத்துல ஓலை போட்டு ஜனங்களே ஆளைத் தேர்ந்தெடுக்கிறாங்களாம். அங்கேதான் போகப் போறேன். நீங்களும் சாதாரணக் குடியா வேஷம் போட்டு ஒருநாள் வாங்க. குடிகளுக்கு ரெண்டு வேலைதானான்னு உங்க கண்ணாலேயே பாருங்க. அப்புறமும் நான் செஞ்சது தப்புன்னா, அங்கேயே விட்டுட்டு வந்துடுங்க."

வேஷம் என்றதும் ராஜாவுக்குக் குஷி. தலைப்பாகை என்ன, அழுக்கு வேட்டி என்ன! மறுநாள் குருவம்மா இடுப்பில் துணி மூடிய ஒரு சட்டியோடு பரிசல் ஏறினாள், பின்னாலேயே ராஜாவும் ஏறினான்.

வேம்பூரில் ஒரே கூச்சல். ஏரி தூர்வாருகிறவர்களுக்கு என்ன குழம்பு வைப்பது என்று ஊர்ச்சபை கூடியிருந்தது. "கூட்டத்துல யாரும் யாரையும் புகழலையே!" என்று ராஜா பயந்துபோனான்.

குருவம்மா சட்டியைத் திறந்தாள். "ஐயாமாரே, அம்மாமாரே, இதையும் ருசி பாருங்க."

நாற்பது பேர் ருசி பார்த்தார்கள். நாற்பது பேரும் துப்பினார்கள்.

"புது ஆளு, நீயும் சொல்லுப்பா! சபைக்கு வந்துட்டு வாயை மூடிக்கிட்டிருந்தா எப்படி?" என்று ஒரு அம்மாள் ராஜாவின் வாயிலும் ஒரு கரண்டி ஊற்றினாள்.

ராஜாவின் முகம் எட்டுக் கோணலாயிற்று. "ஐயையோ! இது குழம்பா, கடலா? இதை வச்சவனைக் கழுதை மேல ஏத்துங்கடா!"

"கழுதையெல்லாம் வேண்டாம்" என்றார் சபைத் தலைவர். "எங்க ஊர் வழக்கம், குறை சொன்னவர் கூட நின்னு சரி பண்ணணும். பிடி கரண்டியை!"

ராஜா அடுப்படியில் நின்றான். சுற்றிலும் நாற்பது பேர். "உப்பைத் தொடாதே!" "புளி போதும்டா!" "யாருடா உனக்குச் சமையல் சொல்லிக்கொடுத்தது?" வாழ்நாளில் அவனை யாரும் "டா" போட்டதில்லை. வேர்த்துக் கொட்டியது. ஆனால் குழம்பு மணத்தது! தான் வைத்ததைத் தானே முதன்முதலாக ஒரு தட்டுச் சோற்றோடு சாப்பிட்டான்.

"முதல்ல துப்பினோமே, அது யார் வச்சது குருவம்மா?" என்று வழித்துக்கொண்டே கேட்டான்.

"நீங்கதான் மகாராஜா. நேத்து மிச்சம்."

ராஜாவுக்குப் புரையேறிவிட்டது.

மறுநாள் ஏழுகரையில் தண்டோரா போட்டு ஜனங்களைக் கூட்டினான். குருவம்மா துணி மூட்டையோடு ஓரமாக நின்றாள்.

"குடிகளே! இன்றைக்கு முடிவு உங்களுடையது. என் சமையல் போக வேண்டும் என்பவர்கள் கை தூக்குங்கள். யாரும் தூக்காவிட்டால் குருவம்மா போவாள்."

ஒரு கைகூட எழவில்லை. எல்லோர் கண்ணும் விருத்தகிரி மேல். மூன்று வருஷப் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகுமா? குருவம்மா மூக்கைச் சிந்திவிட்டு மூட்டையைத் தலையில் ஏற்றினாள்.

அப்போது வாயில்காவலன் மாடசாமி ஈட்டியைச் சுவரில் சாய்த்தான். கண்ணை இறுக மூடிக்கொண்டான். ஆனாலும் தூக்கிவிட்டான் கையை. "மன்னிக்கணும் மகாராஜா, வயிறு தாங்கலை!"

அதைப் பார்த்து இன்னொரு கை, அப்புறம் பத்து, அப்புறம் நூறு. ராணியும் தூக்கினாள். ராஜா ஒரு சுற்றுப் பார்த்தான். பெருமூச்சு விட்டான். தன் கையையும் தூக்கினான்.

குருவம்மா மூட்டையை இறக்கிவைத்து அழுதாள்.

"இனி அடுக்களை உன்னுடையது. நான் உப்புப் பக்கமே வரமாட்டேன்" என்று சொல்லித் தன் வெள்ளிக் கரண்டியை அவளிடம் கொடுத்த ராஜா, திரும்பிப் பார்த்தால், விருத்தகிரி ரெண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கிறார்!

"ஓய் மணியக்காரரே, மூன்று வருஷமாகத் தேவாமிர்தம் என்றீரே?"

"பிரபோ, வாய்தான் அப்படிச் சொல்லிற்று. வயிற்றைக் கேட்டால் நாலு கை தூக்கும்!"

"ஆளுக்கு ஒரு கைதான் கணக்கு. இன்னொன்றை இறக்கும். முந்தாநாள் குழம்பு அண்டாவில் பாதி அப்படியே இருக்கிறது. இறக்கின கையால் அதை வழித்துச் சாப்பிடும்!"