கிழக்குப் பார்த்த வளை

கருவேலங்காட்டில் வேலாண்டி என்ற முயல் தன் மனைவி பூவாத்தாளோடு ஒரு புதரடியில் வாழ்ந்து வந்தான். கோடையில் காடு தீப்பிடித்தது. புதர் சாம்பலாகிவிட்டது. பூவாத்தாளுக்கோ மாதம் நெருங்கிவிட்டது.

"ஏங்க, குட்டிங்க பொறக்கறதுக்குள்ள தலைக்கு மேல ஒரு கூரை வேணும்!" என்றாள் அவள்.

முயலுக்கு வளை தோண்ட வராது. வாங்கத்தான் வேண்டும். வேலாண்டியிடம் இருந்ததெல்லாம் ஒரு புல்மேடு. வயிற்றுப்பாடு அதில்தான் கழிந்தது. அதைக் கொடுத்து வீடு வாங்கலாம் என்று அவன் வீட்டுத் தரகர் ஓணானிடம் போனான்.

இந்த ஓணானைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். யார் எதைக் கேட்டாலும் அது தலையாட்டும். நல்ல காற்று வருமா? ஆட்டும். பாம்பு வராதே? ஆட்டும். இப்படி ஆட்டியே காட்டில் பாதி வீடுகளை அது விற்றுவிட்டது.

முதலில் பாறை மேட்டில் ஒரு வளையைக் காட்டியது. முள்ளம்பன்றியின் வீடு. கரடுமுரடான ஒற்றை அறை. ஆனால் மேலே முழுப் பாறையே கூரை.

பூவாத்தாளுக்குப் பிடித்திருந்தது. வேலாண்டி வாசலைப் பார்த்ததும் பின்வாங்கினான்.

"தெற்கு வாசல்! எமன் திசையாச்சே! எனக்கு இலவசமாக் குடுத்தாலும் வேண்டாம்!"

"அப்படின்னா உங்களுக்குன்னே ஒண்ணு இருக்கு, அண்ணே!" என்று ஓணான் அவர்களைப் பள்ளத்துக்கு அழைத்துப் போனது.

மூன்று அறைகள். வழுவழுப்பான சுவர். சுத்தமான கிழக்கு வாசல். புல்மேட்டைக் கொடுத்தால் போதும், மேற்கொண்டு எதுவும் வேண்டாம். வேலாண்டிக்கு வாயெல்லாம் பல்.

பூவாத்தாள் மட்டும் வெளியிலேயே நின்று சுற்றிலும் பார்த்தாள். அங்கே ஓர் எறும்பு கூட இல்லை. மரங்கள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி நின்றன. ஒவ்வொரு மரமும் ஒரே உயரம் வரை கறுத்திருந்தது. யாரோ நூல் பிடித்துக் கோடு போட்ட மாதிரி இருந்தது.

"இது என்ன கோடு?"

"அழகுக்கு, அக்கா!" என்றது ஓணான்.

உள்ளே போனாள். சுவரில் வெள்ளை வெள்ளையாகச் சிப்பிகள் பதிந்திருந்தன. தொட்டுப் பார்த்தாள். சில்லென்றிருந்தது.

"சிப்பி எப்படிக் காட்டுக்குள்ள வந்துச்சு?"

"மங்கலமான வீடுக்கா! எல்லாருக்கும் இப்படி அமையுமா?"

"சரி, இவ்வளவு மலிவா ஏன் விக்கறாங்க?"

"உடும்பு வெளியூர் போறாரு. அவசரம்!" ஓணான் தலையை வேகமாக ஆட்டியது.

விற்கிற உடும்பு வாசலுக்கு வந்தது. உள்ளே வரவில்லை. வெளியில் நின்றபடியே வீட்டை ஒப்படைத்தது. புல்மேட்டில் காடைகள் முட்டையிடும், முட்டை தின்னும் உடும்புக்கு அது போதும். போகும்போது ஒரு முறை கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அக்கம்பக்கத்தில் விசாரிக்கலாம் என்றாள் பூவாத்தாள். அக்கம்பக்கம் என்று ஒருவருமே இல்லை. அதையும் வேலாண்டி நல்லதாகவே எடுத்துக்கொண்டான்.

"தொந்தரவு இல்லாத இடம்!" என்றான்.

குடிவந்த மறுநாள் நண்பகல். வேலாண்டி மேயப் போயிருந்தான். பூவாத்தாள் சுவரில் சாய்ந்து கண் மூடியிருந்தாள். அவள் காதோரம் யாரோ மெல்லக் கேட்டார்கள்.

"வந்தாச்சா?"

சுவருக்குள்ளிருந்து இன்னொரு குரல் பதில் சொன்னது.

"இன்னும் இல்ல. தூங்கு."

பூவாத்தாளுக்கு உடம்பு மயிர் குத்திட்டு நின்றது. வேலாண்டி வந்ததும் சொன்னாள். அவன் சிரித்தான்.

"மாசமா இருந்தா அப்படித்தான் என்னவாவது கேக்கும்!"

இரண்டு நாள் கழித்து அவனுக்கே கேட்டது. இப்போது தரையிலிருந்தும் வந்தது. "வந்தாச்சா?" "இல்ல." "வந்தாச்சா?" "பக்கத்துல வந்துருச்சு." சிரிப்பு செத்துப்போய் அவன் ஓணானிடம் ஓடினான்.

"கண் திருஷ்டி, அண்ணே! நல்ல வீட்டுக்கு இதெல்லாம் சகஜம். வாசல்ல ஒரு பேய்க்குமட்டிக்காயைக் கட்டுங்க, சரியாப் போயிடும்!"

வேலாண்டி கட்டினான். மறுநாள் காலை காய் ஈரமாக இருந்தது. சுவரும் ஈரமாக இருந்தது. மழை பெய்து மூன்று வருடம் ஆன காட்டில் அந்த வீடு மட்டும் வியர்த்துக்கொண்டிருந்தது. குரல்கள் நூறாகிவிட்டன.

வேலாண்டி மூலையில் ஒடுங்கினான். பூவாத்தாளுக்கும் பயம்தான். ஆனாலும் வயிற்றுக்குள் குட்டிகள் உதைத்தன. இதைத் தெரிந்துகொள்ளாமல் இங்கே அவற்றைப் பெற்றுப்போட அவளுக்கு மனம் வரவில்லை. அவள் சுவரில் வாயை வைத்துக் கேட்டாள்.

"யார் நீங்க? யார் வரணும்?"

எல்லாக் குரல்களும் சட்டென்று அடங்கின. பிறகு ஒரு குரல் கேட்டது.

"நீ யாரு, தாயி? எங்க வீட்டுல என்ன பண்றே?"

"இது நாங்க வாங்கின வீடு!"

சுவர் முழுக்கச் சின்னச் சின்னச் சிரிப்புகள் கிளம்பின.

"யார்கிட்ட வாங்கினே?"

"உடும்புகிட்ட."

"அவன் இங்கே தோண்டியே மூணு வருசம்தான் ஆச்சு. எங்க கூட்டம் எத்தனையோ தலைமுறையா இங்கதான் இருக்கு. நாங்க தவளைங்க, தாயி. தண்ணி வத்துனப்ப மண்ணுக்குள்ள போனோம். இது ஏரி! நீ ஏரியோட அடிவயித்துல குடியிருக்கே!"

பூவாத்தாளுக்கு மரத்துக் கோடு கண்முன் வந்தது. அந்தக் கோடு அவள் தலைக்கு எவ்வளவோ மேலே இருந்தது.

"தண்ணி எப்ப வரும்?" என்று கேட்டாள்.

"கிழக்கு மலையில பெய்யுது. எங்களுக்கு மண்ணுக்குள்ள கேக்குது. பொழுது சாயறதுக்குள்ள வந்துரும். பிள்ளைத்தாச்சி, இங்க நிக்காதே! மேட்டுக்குப் போ!"

வேலாண்டி வெளியே எட்டிப் பார்த்தான். வானத்தில் பொட்டு மேகம் இல்லை. வெயில் சுள்ளென்று அடித்தது.

"பொய்! பேய்ங்க நம்மள வெரட்டப் பாக்குதுங்க! இருந்த புல்மேட்டையும் குடுத்தாச்சு. இதை விட்டுட்டு எங்க போறது?"

"ஏங்க, ஓணான் நான் கேட்டதுக்கெல்லாம் தலையாட்டுச்சு. இந்த வீட்டுல 'வேண்டாம்'னு சொன்ன ஒரே ஆள் இந்தச் சுவர்தான். நான் அதைத்தான் நம்புவேன்!"

அவள் கிளம்பிவிட்டாள். வயிற்றைச் சுமந்துகொண்டு மேட்டைப் பார்த்து அடிமேல் அடி வைத்து நடந்தாள். வேலாண்டி வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தான். கிழக்கு வாசல், மூன்று அறை, அவன் முழுச் சொத்து. எப்படி எழுந்திருப்பான்?

அப்போது சுவர் வெடித்தது. விரிசலிலிருந்து ஒரு குட்டிக் கை நீண்டது. நான்கு விரல். பக்கத்தில் இன்னொரு கை. பிறகு தரையிலும் கூரையிலும் கைகள், கைகள். மண்ணுக்குள்ளிருந்து நூற்றுக்கணக்கான கண்கள் திறந்து அவனைப் பார்த்தன.

"வந்தாச்சு!" என்றது வீடு.

வேலாண்டி ஓடினான். பின்னால் தண்ணீர் வந்தது. இடி இல்லை, மின்னல் இல்லை. பழுப்பாக, சத்தமில்லாமல், வீட்டுக்குத் திரும்பி வருகிற ஆளைப் போல வழி தெரிந்து வந்தது. கிழக்கு வாசல் வழியாகத்தான் முதலில் உள்ளே நுழைந்தது.

பாதி மேட்டில் அவன் பூவாத்தாளைப் பிடித்தான். அவளால் அதற்கு மேல் நடக்க முடியவில்லை. முதுகால் முட்டுக்கொடுத்துத் தள்ளிக்கொண்டே பாறை மேட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தான். முள்ளம்பன்றி விலகி வழிவிட்டது. பொழுது சாயும் நேரம் அந்தத் தெற்கு வாசல் வீட்டில் மூன்று குட்டிகள் பிறந்தன.

கீழே ஏரி தளும்பி நின்றது. மரங்களில் அந்தக் கறுப்புக் கோட்டைச் சரியாகத் தொட்டதும் தண்ணீர் நின்றுவிட்டது. "வந்தாச்சு! வந்தாச்சு!" என்று தவளைகள் கத்தியது மேடு வரை கேட்டது.

வேலாண்டி தலை குனிந்து முள்ளம்பன்றியிடம் வந்தான். "இந்த வீட்டை வாங்க எங்கிட்ட இப்ப ஒண்ணுமில்ல" என்றான். அழுதுவிட்டான்.

"இப்ப யாரு வாங்கச் சொன்னா? வாடகைக்கு இரு. இந்தக் கரட்டுல எனக்குக் கிழங்கு தேடிக் குடு, அதுதான் வாடகை. ஒரு மழைக்காலம் பூரா ஒழுகுதா, காயுதான்னு பாரு. புடிச்சிருந்தா அப்புறம் வெலை பேசலாம்!" என்றது முள்ளம்பன்றி.

தண்ணீர் வற்ற இரண்டு வருடமானது. ஒரு நாள் பள்ளத்திலிருந்து பேச்சுக் குரல் கேட்டு வேலாண்டி எட்டிப் பார்த்தான். புதிதாகத் தோண்டிய ஒரு வளை முன் கீரி ஒன்று தன் மனைவியோடு நின்றிருந்தது. மனைவி மரத்துக் கோட்டைக் காட்டி என்னவோ கேட்டாள். ஓணான் தலையாட்டிக்கொண்டிருந்தது.

வேலாண்டி மேட்டிலிருந்து பாய்ந்து இறங்கினான்.

"தம்பி, ஓணானைக் கேக்காதே! சுவருல காதை வெச்சுக் கேளு!"

கீரி காதை வைத்தது. அடுத்த கணம் மனைவியைக் கூட்டிக்கொண்டு மேடேறி ஓடியது.

வீடு வாங்குகிறவர் வாசல் எந்தத் திசை பார்த்திருக்கிறது என்று பார்க்கும் முன், தண்ணீர் எந்தத் திசையிலிருந்து வரும் என்று அந்த மண்ணில் வாழ்ந்தவர்களைக் கேட்க வேண்டும்.